மரம் கொடுக்கும் கூலி

இங்கிலாந்தின் தென்மேற்கே, கடலோரத்தில், பெய்ன்டன் என்று ஓர் ஊர். 2006இல் அங்குள்ள விலங்குக்காட்சி சாலையில், குரங்குகளின் அடைப்புகளுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து 9 பேர் தங்கினார்கள். எல்லோரும் நடுத்தர வயதுக்காரர்கள். பிபிசி தொலைக்காட்சிக்காக நடந்த சோதனை அது. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வரை பழம், காய், கொட்டைப்பருப்பு, பெரும்பாலும் பச்சையாக. 12 நாள் முடிவில் கொலஸ்ட்ரால் சராசரியாக 23 சதவீதம் இறங்கியிருந்தது. இரத்த அழுத்தம் 140/83இலிருந்து 122/76க்கு வந்திருந்தது. எடை ஆளுக்கு 4 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. மாத்திரை எழுதித் தரும் எந்த மருத்துவரும் பொறாமைப்படும் கணக்கு. கூடாரத்துக்குள் காற்று எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த எண்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. “பழம் மட்டும் சாப்பிட்டுப் பார்த்தேன், உடம்பு லேசாகிவிட்டது, முகம் தெளிந்தது” என்று சொல்கிறவர்களும் பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் உண்மைக்கு ஒரு காலக்கெடு உண்டு. நம் உடம்பு சில சத்துகளை ஓரிரு நாளைக்குத்தான் வைத்திருக்கும். சிலவற்றை மாதக்கணக்கில் வைத்திருக்கும். ஒன்றை வருடக்கணக்கில் வைத்திருக்கும். பழம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காமல் விடுகிறது, விட்டதை உடம்பு தன் கையிருப்பிலிருந்து எத்தனை நாள் ஈடுகட்டுகிறது என்று பார்த்தால், பழ உணவைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லப்படும் அநேக விஷயங்கள் ஒரே வரிசையில் வந்து நிற்கும். முதலில் பழம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மரத்துக்குக் கால் இல்லை. விதை தாய்மரத்தின் நிழலிலேயே விழுந்து முளைத்தால் வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாயோடு பிள்ளை மல்லுக்கட்ட வேண்டும். யாராவது அதைத் தூக்கிப்போய் எட்டப் போட வேண்டும். இலவ மரம் காற்றை நம்பியது. தென்னை கடலை நம்பியது. வௌவாலையும் குரங்கையும் பறவையையும் நம்பிய மரங்கள், சுமந்து போகிறவர்களுக்குக் கூலி கொடுக்கின்றன. அந்தக் கூலிதான் பழம்.

கூலி கொடுப்பவர் யாராக இருந்தாலும் தன்னிடம் மலிவாகக் கிடைப்பதைத்தான் கொடுப்பார். இலைக்கு மலிவானது சர்க்கரை. காற்றிலிருந்து கரியமில வாயு, வேரிலிருந்து தண்ணீர், மேலே வெயில், முடிந்தது. புரதம் அப்படியல்ல. அதற்கு நைட்ரஜன் வேண்டும். மண்ணில் நைட்ரஜன் எப்போதும் பற்றாக்குறை. உரக்கடை வாசலில் யூரியாவுக்காக வரிசையில் நின்ற எந்த விவசாயிக்கும் இது தெரியும். எனவே மரம் புரதத்தைப் பழச்சதையில் வீணாக்காது. தன் பிள்ளைக்கு, அதாவது விதைக்கு, கட்டிக் கொடுத்து அனுப்பும். கொழுப்பும் தாது உப்புகளும் பெரும்பாலும் அந்தக் கட்டுச்சோற்றில்தான் போகும். தர்பூசணியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் சிவப்புச் சதையில் புரதம் அரை கிராமுக்குச் சற்று மேல். அதே எடை உலர்ந்த விதைப்பருப்பில் 28 கிராம். நாம் சதையைத் தின்றுவிட்டு விதையைத் துப்புகிறோம். தர்பூசணிக் கொடி நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதையேதான்.

வேலை தயாராகும் முன் கூலி கிடையாது என்பதிலும் மரம் கறார். விதை முற்றும்வரை காய்க்குக் காவல் உண்டு. பிஞ்சு நாவலைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்வது டானின் என்னும் துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரள வைப்பதால். பப்பாளிக் காயைக் கீறினால் வரும் பாலில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அன்னாசி பழுத்த பிறகும் முழுதாகச் சமாதானம் ஆவதில்லை. நாலு துண்டுக்கு மேல் தின்றால் நாக்கு புண்ணாவதற்கு அதன் புரோமலைன் நொதியும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் காரணம்.

இந்தக் காவல் எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதைப் பீகாரின் முசாபர்பூர் காட்டியது. லிச்சித் தோப்புகள் நிறைந்த மாவட்டம். ஒவ்வொரு கோடையிலும் அறுவடைக் காலத்தில் அங்கே குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து மயங்கி விழுந்தார்கள். 2014ஆம் ஆண்டு மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தார்கள். வைரஸ் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள், வெயில் என்றார்கள். 2017இல் வெளியான ஆய்வு லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசின் ஏ, எம்சிபிஜி என்ற இரண்டு நச்சுகளைச் சுட்டியது. முழுதாகப் பழுக்காத லிச்சியில் இவை அதிகம். பட்டினி நேரத்தில் உடம்பு தன் கொழுப்பை எரித்தும் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்தும் சமாளிக்குமே, அந்த இரண்டு வழியையும் இவை அடைத்துவிடும். பகலெல்லாம் தோப்பில் விழுந்த காய்களைத் தின்றுவிட்டு, இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த, ஏற்கெனவே சத்துக்குறைவான குழந்தைகளுக்கு விடிவதற்குள் இரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. வயிறாரச் சாப்பிட்ட பெரியவர் பத்து லிச்சிப் பழம் தின்றால் இப்படி ஆகாது. தடுப்பு வழியாகச் சொல்லப்பட்டவற்றில் முக்கியமானது மிக எளிமையானது: குழந்தைக்கு இரவுச் சாப்பாடு கொடுத்துத் தூங்க வையுங்கள்.

*

இனி ஒருவர் நாளைக் காலையிலிருந்து பழம் மட்டும் என்று முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடை, நாளுக்கு 2000 கலோரி தேவை. பழக்கடைக்குப் போகிறார்.

தர்பூசணி 100 கிராமில் 30 கலோரி. 2000 கலோரிக்கு ஏறக்குறைய 6.7 கிலோ சதை; தோலையும் சேர்த்தால் தலைச்சுமை. பப்பாளி என்றால் 4.6 கிலோ. வாழைப்பழம்தான் கட்டுப்படியாகும். 100 கிராமுக்குச் சுமார் 90 கலோரி. மோரிஸ் பழமானால் 20 பழம் போதும். வகைக்கு வகை எண்கள் மாறும், ஆனாலும் தோராயமாகக் கணக்குப் போடலாம். 20 பழத்தில் சர்க்கரை 270 கிராமுக்கு மேல், நார்ச்சத்து 55 கிராமுக்கு மேல், பொட்டாசியம் 8 கிராம். புரதம் 25 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவுப்படி இவருக்கு வேண்டியது 50 கிராம். கால்சியம் 110 மில்லிகிராம் சுமார், வேண்டியது 1000. துத்தநாகம் 3 மில்லிகிராம் சொச்சம். ஆணுக்கு வேண்டியது 17. சோடியம் வெறும் 20 மில்லிகிராம் சொச்சம். பி12 பூஜ்யம்.

கொய்யா, மா, பலா, சப்போட்டா என்று கலந்து சாப்பிட்டால் கொஞ்சம் தேறும். கொய்யாவில் வாழையைவிட இரண்டு பங்குக்கு மேல் புரதம். ஆனால் அடிப்படை மாறாது. கூலியில் இல்லாததைக் கூலியிலிருந்து எடுக்க முடியாது. அதனால்தான் பழ உணவுக்காரர்களில் விவரம் தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் பாதாமும் நிலக்கடலையும் தேங்காயும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதாவது மரம் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பிய கட்டுச்சோற்றில் கை வைக்கிறார்கள். தாவரவியல் ரீதியாக அதுவும் பழத்தின் பகுதிதான் என்ற சமாதானம் கையில் இருக்கும். வக்கீல் வாதம் என்றாலும் உடம்புக்கு நல்லது.

முதல் நாள் சுகமாகப் போகும். இரண்டாம் நாள் தலைவலி. நெற்றிப் பொட்டில் தொடங்கி கண்ணுக்குப் பின்னால் இறங்கும். “உடம்பிலிருக்கிற கழிவெல்லாம் வெளியேறுகிறது” என்று இயற்கை உணவு நண்பர் போனில் ஆறுதல் சொல்வார். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. அன்றைக்குக் காலையில் டிகாக்‌ஷன் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். காபியை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் இந்தத் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும், 2 முதல் 9 நாளில் போய்விடும். மூளையில் அடினோசின் என்னும் பொருள் உட்காரும் இடங்களைக் காபீன் அடைத்துக்கொண்டிருந்தது; தினமும் அப்படி அடைத்ததால் மூளை அந்த இடங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது; அடைப்பு நீங்கியதும் அடினோசின் மொத்தமாக வந்து உட்கார, இரத்தக் குழாய்கள் விரிந்து தலை தெறிக்கிறது. எந்தக் கழிவு, எதன் வழியாக, எவ்வளவு வெளியேறியது என்று கேட்டால் நண்பரிடம் பதில் இருக்காது.

அதே சமயம் எடை மளமளவென்று இறங்கும். முதல் வாரத்தில் இறங்குவதில் நல்ல பங்கு தண்ணீர். சாம்பார், ஊறுகாய், அப்பளம் என்று தினமும் உள்ளே போன உப்பு நின்றுவிட்டது; உப்பு பிடித்துவைத்திருந்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே விடுகிறது. இரத்த அழுத்தம் குறைவதற்கும் இதுவும், கூடவே வரும் ஏராளமான பொட்டாசியமும் காரணம். இது உண்மையான நன்மை. பெய்ன்டன் கூடாரவாசிகளுக்குக் கிடைத்ததும் இதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு இதே 8 கிராம் பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். அவர் நட்சத்திரப்பழம் பக்கமே போகக் கூடாது. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற பொருளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, ஓயாத விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம்வரை போன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், வளரும் குழந்தைகள் ஆகியோரும் இந்தச் சோதனைக்கு ஆள் அல்ல.

குடலுக்கும் இது புது அனுபவம். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸைச் சிறுகுடல் ஓரளவுக்குத்தான் உறிஞ்சும். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகும். விருந்தின் விளைவு உப்புசமும் வாயுவும். டொரான்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ், உணவுப் பொருள்களின் கிளைசெமிக் குறியீட்டை உருவாக்கியவர், 10 பேருக்கு இரண்டு வாரம் பழம், காய், கொட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார். 2001இல் முடிவு வெளியானது. தினம் ஐந்து கிலோவுக்கு மேல் தின்ன வேண்டியிருந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் 33 சதவீதம் சரிந்தது. மருந்துக்கு இணையான சரிவு. மலத்தின் எடை நாளொன்றுக்கு 900 கிராமைத் தாண்டியது. நாள் முழுவதும் மெல்லுவதும், மீதி நேரம் வேறு இடத்தில் உட்காருவதுமாக இருந்த அந்தப் பத்துப் பேரை அறிவியல் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இரண்டு வாரக் கணக்கில் பழத்துக்குத் தோல்வியே கிடையாது. 1971இல் தென்னாப்பிரிக்காவில் 17 பேர் தினமும் 20 பங்கு பழமும் கொட்டைகளும் சில மாதங்கள் சாப்பிட்டபோதுகூட எடை, அழுத்தம், இன்சுலின், கொழுப்பு எதிலும் கேடு தெரியவில்லை. அவ்வளவு சர்க்கரை உள்ளே போயும் ஒன்றும் ஆகவில்லையே என்றால், முழுப்பழத்தில் சர்க்கரை நார்ச் சுவர்களுக்குள் அடைபட்டு இருக்கிறது, மெதுவாகத்தான் வெளிவருகிறது. மிக்சியில் அடித்து வடிகட்டிக் குடித்தால் அந்தச் சலுகை போய்விடும்.

*

மாதங்கள் நீளும்போது படம் மாறத் தொடங்குகிறது. ஜெர்மனியின் கீசன் நகரப் பல்கலைக்கழகத்தில் கொரின்னா கோப்னிக் குழுவினர், பச்சை உணவிலேயே வருடக்கணக்கில் வாழும் 216 ஆண்களையும் 297 பெண்களையும் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். அந்த உணவுக்கு மாறிய பிறகு ஆண்கள் சராசரியாக 9.9 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் இழந்திருந்தார்கள். பெண்களில் நால்வரில் ஒருவர் ஆரோக்கியத்துக்குத் தேவையான எடைக்கும் கீழே. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தவறியது அல்லது அடியோடு நின்றது. உணவில் பச்சையின் பங்கு கூடக் கூட இந்தச் சிக்கலும் கூடியது. ஒரு பிள்ளையைச் சுமக்கும் கையிருப்பு இல்லை என்று கணக்குப் பார்த்து உடம்பு அந்தக் கடையை மூடிவிடுகிறது. பச்சை உணவில் “சுத்தமாகிவிட்டதால்” மாதவிடாய் நின்றது என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. அது கொண்டாட வேண்டிய விஷயம் இல்லை. மாதவிடாயை நடத்தும் அதே ஹார்மோன்கள்தான் எலும்பையும் காக்கின்றன.

அதே கீசனில் பல் மருத்துவர்களும் பச்சை உணவுக்காரர்கள் 130 பேரின் வாயைத் திறந்து பார்த்தார்கள். 60 சதவீதம் பேருக்குப் பற்களின் மேற்பூச்சு கடுமையாகக் கரைந்திருந்தது. சாதாரணச் சாப்பாட்டுக்காரர்களில் அது 32 சதவீதம். சொத்தை வேறு, இது வேறு. சொத்தையில் பாக்டீரியா அமிலத்தைச் சுரக்கிறது. இங்கே அமிலம் நேரடியாகப் பழத்திலிருந்தே வருகிறது. பிஎச் என்னும் அளவுகோலில் எண் குறையக் குறைய அமிலம் கூடும். பல்லின் எனாமல் 5.5க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும்; எலுமிச்சைச் சாறு 2.5ஐ ஒட்டி, ஆரஞ்சும் திராட்சையும் 3.5ஐ ஒட்டி. வேளைக்கு ஒருமுறை என்றால் எச்சில் சரிசெய்துவிடும். பசி எடுக்கும்போதெல்லாம் பழம் என்று நாளுக்குப் பத்து முறை கொறித்தால் எச்சிலுக்கு அவகாசம் எங்கே? சாப்பிட்டதும் பல் துலக்குவது இன்னும் மோசம், இளகிய பூச்சைத் தேய்த்தே எடுத்துவிடும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு விடுவது உத்தமம்.

எலும்புக்கு இன்னும் நீண்ட கணக்கு. 2005இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சராசரியாக மூன்றரை வருடமாகப் பச்சைத் தாவர உணவு உண்ட 18 பேரின் எலும்பை அளந்தார்கள். இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எலும்பின் அடர்த்தி தெளிவாகவே குறைவு. வைட்டமின் டி மட்டும் நன்றாக இருந்தது, வெயிலில் நின்றதால்.

கடைசியாக வருவது பி12. இதைத் தாவரம் எதுவும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே தயாரிக்கின்றன. பால், முட்டை, மீன், இறைச்சி வழியாகத்தான் நம்மை வந்தடைகிறது. தேவையோ நாளுக்கு 2 மைக்ரோகிராம் சொச்சம். உடம்பில், பெரும்பாலும் ஈரலில், கிடக்கும் இருப்பு 2 முதல் 5 மில்லிகிராம், பித்தத்தோடு வெளியேறியதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நல்ல இருப்போடு தொடங்கியவர் மூன்று நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் வண்டி ஓட்டிவிடலாம். அதற்குள் அவர் நூல் எழுதியிருப்பார், முகாம் நடத்தியிருப்பார், சீடர்களைச் சேர்த்திருப்பார். பிறகு பாதத்தில் மதமதப்பு தொடங்கும். இருட்டில் நடந்தால் தடுமாறும். வழக்கமாக இந்தக் குறைபாடு முதலில் இரத்தசோகையாகத் தலைகாட்டி எச்சரிக்கும். பழத்திலும் கீரையிலும் ஏராளமாக உள்ள ஃபோலேட் அந்த இரத்தசோகையைத் தள்ளிப்போட்டு எச்சரிக்கையை மறைத்துவிடக்கூடும், நரம்பு மட்டும் உள்ளே நைந்துகொண்டிருக்கும். தாமதமாகக் கண்டுபிடித்தால் ஊசி போட்டாலும் நரம்பு முழுதாகத் திரும்புவதில்லை. பரம்பரைச் சைவர்கள் பலருக்கு இந்தியாவில் பி12 இருப்பு தொடக்கத்திலேயே குறைவு என்பதால் அவர்களுக்கு இந்தக் கெடு இன்னும் குறுகியது.

*

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு பழ உணவுக்காரர் கடைசி அம்பை எடுப்பார். “குரங்கு எந்த மாத்திரை சாப்பிடுகிறது? நம் முன்னோர் பழந்தின்னிகள்தானே?” தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது. நம் உடம்பில் பழத்தின் கைரேகை உண்மையிலேயே இருக்கிறது. ஆடும் நாயும் எலியும் வைட்டமின் சியைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கும் குரங்குகளுக்கும் அந்த மரபணு ஏறக்குறைய 6 கோடி வருடங்களுக்கு முன்பே பழுதாகிவிட்டது. பழுதானவர்கள் அழியாமல் பிழைத்தார்கள் என்றால் அந்தச் சத்து தினசரி உணவிலேயே கொட்டிக் கிடந்திருக்க வேண்டும். பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்பைப் பிரித்துக் காணும் நம் கண்ணும் பழம் தேடிப் பழகியது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இல்லை, சிவந்த இளந்தளிரைத் தேடித்தான் என்று இன்னொரு தரப்பு. சுமார் ஒரு கோடி வருடங்களுக்கு முன் நம் முன்னோரின் ஒரு நொதியில் ஏற்பட்ட சிறு மாற்றம் சாராயத்தைச் சிதைக்கும் திறனை 40 மடங்கு கூட்டியது. மரத்திலிருந்து விழுந்து நுரைத்த பழத்தைப் பொறுக்கித் தின்றதன் நினைவு அது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஆனால் அந்த முன்னோர் தின்ற பழம் எது? மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைச் சரிவுகளில் வாழைக்கு உறவான கல்வாழை வளர்கிறது. அதன் காயைப் பிளந்தால் கரிய, கல் போன்ற விதைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். விதைகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருப்பதைச் சப்பித்தான் எடுக்க வேண்டும். மரம் கொடுக்கும் அசல் கூலி இவ்வளவுதான். ரஸ்தாளியும் மோரிஸும் விதையே இல்லாமல் சதையாகக் கனிவது மனிதன் ஆயிரக்கணக்கான வருடம் பொறுக்கி எடுத்து வளர்த்ததால். நியூ கினியின் குக் சதுப்பில் வாழைச் சாகுபடிக்கு 6500 வருடத்துக்கு மேற்பட்ட தடயம் கிடைத்திருக்கிறது. உகாண்டாவின் கிபாலே காட்டில் சிம்பன்சிகள் தின்னும் பழங்களைத் தானும் தின்று பார்த்த ரிச்சர்ட் ராங்கம், பெரும்பாலானவை நார் மிகுந்து துவர்த்துக் கசந்தன என்று பதிவுசெய்திருக்கிறார். அந்தச் சிம்பன்சிகள் நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மெல்லுவதிலேயே கழிக்கின்றன. அவற்றின் குடலில் பாதியளவு பெருங்குடல். நார் ஊறிப் புளிக்கும் தொட்டி அது. நமக்கு ஐந்தில் ஒரு பங்குதான். அத்தோடு அவை பழம் மட்டும் தின்பதுமில்லை. இலை உண்டு, கரையான் உண்டு, 1960இல் கோம்பேயில் ஜேன் குடால் நேரில் கண்டு உலகுக்குச் சொன்னபடி இறைச்சியும் உண்டு. காட்டுப் பழத்துக்குள் நெளியும் புழுவும் குளவியும் வேறு கணக்கில் வராத புரதம்.

கூடாரம் அடித்த அதே பெய்ன்டன் விலங்குக்காட்சி சாலை 2014இல் ஒரு முடிவெடுத்தது. குரங்குகளுக்கு இனி வாழைப்பழம் கிடையாது. மனிதன் தனக்காக வளர்த்த பழம் குரங்குக்கு அளவு மீறிய இனிப்பு. பல் கெடுகிறது, நீரிழிவு வரும் அபாயம் இருக்கிறது என்றார்கள். காயும் கீரையும் கொடுத்ததும் சிறு குரங்குகளின் சண்டையும் குறைந்ததாம். 2018இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விலங்குக்காட்சி சாலையும் உடல் பருமனையும் பற்சொத்தையையும் காரணம் காட்டிப் பழத்தைக் கைவிட்டது.

*

பழத்தைக் கொள்கையாகவே கடைப்பிடித்தவர்களில் விசித்திரமானவர் ஆகஸ்ட் எங்கல்ஹார்ட். நூரம்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். சூரியனுக்கு மிக அருகில் காய்ப்பது தேங்காய், மனிதத் தலையைப் போல இருப்பதும் தேங்காய், ஆகவே மனிதனுக்குரிய உணவு தேங்காய் என்று தர்க்கம் செய்தார். 1902இல் அன்றைய ஜெர்மன் நியூ கினிக்குப் போய்க் கபாகோன் என்ற குட்டித் தீவை விலைக்கு வாங்கி, ஆடையில்லாமல் தேங்காய் தின்று வாழ ஆள் சேர்த்தார். நம்பிக் கப்பல் ஏறி வந்தவர்களில் சிலர் இறந்தார்கள், மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். மலேரியாவுக்கும் அதில் பங்கு உண்டு. எங்கல்ஹார்ட் 1919இல் 43 வயதில் இறந்தார்.

காந்தியின் கதை வேறு தினுசு. சோதனை என்றால் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், தோற்றால் தோற்றதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர். 1910இல் நண்பர் கல்லன்பாக் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் லாலி ரயில் நிலையத்துக்கு அருகே வாங்கிக் கொடுத்த 1100 ஏக்கர் நிலம்தான் டால்ஸ்டாய் பண்ணை. அதில் சுமார் ஆயிரம் பழமரங்கள். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே குடியேறின; தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் உண்டு. காந்தியும் கல்லன்பாக்கும் அடுப்பை விட்டார்கள். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், இதுதான் சாப்பாடு. பாலையும் விட்டார். பழத்தோடு கடலையும் எண்ணெயும் சேர்த்ததால் புரதமும் கொழுப்பும் ஓரளவு கிடைத்தன. தன் உடம்பு நன்றாக உழைத்தது என்றே அவர் எழுதினார்.

1914 ஆகஸ்டில், முதல் உலகப் போரில் பிரிட்டன் இறங்கிய இரண்டாம் நாள், லண்டனில் வந்து இறங்கினார். குளிர்காலம் நெருங்க நெருங்க நுரையீரல் உறை அழற்சி வந்து படுத்தார். பின்னாளில் குஜராத்தின் முதல் முதலமைச்சரான ஜீவராஜ் மேத்தா அப்போது அங்கே மருத்துவர். பாலும் தானியமும் எடுத்தால்தான் தேறும் என்று மன்றாடினார். காந்தி அரசியல் குருவாக மதித்த கோகலேயும் வற்புறுத்தினார். காந்தி ஒரு நாள் அவகாசம் கேட்டு இரவெல்லாம் யோசித்தார். கோகலேயின் அன்புக்காகப் பழ விரதத்தைத் தளர்த்தலாம், பால் மட்டும் முடியாது என்றார்.

1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தபோது அவருடைய முக்கிய உணவு நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். கடும் வயிற்றுக்கடுப்பு வந்து, சாவின் விளிம்புவரை போனார். பால் குடிக்காமல் உடம்பைத் தேற்ற வழியே இல்லை என்று பம்பாய் டாக்டர் தலால் சொன்னார். பசு, எருமைப் பாலைத்தானே விட்டதாகச் சங்கற்பம், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூர்பா இடையில் புகுந்தார். காந்தி குடித்தார். சத்தியத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பாலுக்கு ஈடான தாவர உணவு எதையாவது படித்ததால் அல்லாமல் அனுபவத்தால் அறிந்தவர் இருந்தால் சொல்லுங்கள் என்று சுயசரிதையில் வாசகர்களிடமே கேட்டார்.

அது தொடராக வெளிவந்து முடியும் காலத்திலேயே, 1929இல், 59 வயதில், ராஜமுந்திரிக்காரர் ஒருவரின் யோசனைப்படி மறுபடியும் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், இடித்த கீரை, எலுமிச்சை, தேன், உலர்திராட்சை. எதையும் நெருப்பில் காட்டுவதில்லை. சபர்மதி ஆசிரமத்தில் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். எடை எவ்வளவு இறங்கியது, யாருக்கு என்ன தொந்தரவு என்று யங் இந்தியாவில் எழுதிக்கொண்டே வந்தார். ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு திரும்பி வந்தது. சோதனையை நிறுத்தினார், அதையும் அதே பத்திரிகையில் எழுதினார், ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார்.